நாற்காலிக்கு இடப்பக்கம்

ஷீலா இருபத்து மூன்று வருடங்களாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேச்சுக்காகச் சொல்லவில்லை. சேலையூரில் டாக்டர் தினகரனின் பல் கிளினிக்கில், பேஷண்ட் படுக்கிற நாற்காலிக்கு இடப்பக்கம், தலைமாட்டை ஒட்டி ஒன்றரை அடி இடம். அதுதான் அவள் உத்தியோகம். வலப்பக்கம் டாக்டருடையது. அவருக்குச் சக்கரம் வைத்த ஸ்டூல் உண்டு. உட்கார்ந்தபடியே இப்படியும் அப்படியும் உருண்டு வருவார். இடப்பக்கத்துக்கு ஸ்டூல் கிடையாது. வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கையில் எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சுகிற சக்‌ஷன் குழாய். இன்னொரு கையில் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்கிற வளைந்த கம்பி. டாக்டரின் கண் எங்கே போகிறதோ அங்கே குழாயின் நுனி அவருக்கு முன்னாலேயே போய் நிற்க வேண்டும். அது எளிதில் வருகிற வித்தை இல்லை. ஷீலாவுக்கு வந்திருந்தது. டாக்டர் வாய் திறந்து அவளிடம் எதையும் கேட்பது நின்று பதினைந்து வருடம் இருக்கும்.

இரண்டு மாதம் பார்க்கலாம் என்று இருபத்தாறு வயதில் வந்தவள். இப்போது நாற்பத்தொன்பது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. காலையில் எழுந்து குதிகாலைத் தரையில் வைத்தால் உயிர் போகிறது. சாயங்காலம் பஸ்ஸில் சீட் கிடைத்துவிட்டால், இறங்க வேண்டிய செம்பாக்கம் ஸ்டாப் வந்தாலும் எழுந்திருக்க மனசு வராது. இரண்டு முறை மேடவாக்கம் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். தூங்கிவிட்டேன் என்று வீட்டில் சொன்னாள். தூங்கவெல்லாம் இல்லை.

அவள் புருஷன் அந்தோணிசாமி சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற கேப் ஓட்டுகிறான். நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது என்று அவன் புலம்புவான். நின்று நின்று கால் போய்விட்டது என்று இவள் புலம்புவாள். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லத் தெம்பு இருக்காது. தைலம் மட்டும் இருவருக்கும் பொது.

ஷீலாவுக்கு ஆசை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: சம்பளத்துக்கு உட்கார வேண்டும். ஏ.சி. வேண்டாம், பெரிய பதவி வேண்டாம். முதுகு சாய்கிற மாதிரி ஒரு நாற்காலி போதும்.

அந்த ஆசைக்கு ஒரு வழியும் திறந்தது. டாக்டர் சிறுசேரிப் பக்கம் இரண்டாவது கிளினிக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் தை மாதம் திறப்பு. அங்கே முன் மேஜையில் உட்கார்ந்து பேர் எழுத, டோக்கன் கொடுக்க, வருகிறவர்களிடம் பேச ஓர் ஆள் வேண்டும். ஷீலா இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறையாக வாய் விட்டுக் கேட்டாள்.

"சார், அந்த வேலைய எனக்குக் குடுங்க சார்."

டாக்டருக்குச் சந்தோஷம்தான். ஆனால் கிளினிக்கின் நிர்வாகம் அவர் மனைவி ஜெயஸ்ரீ மேடத்தின் கையில். சேலையூரில் முன் மேஜையில் உட்கார்வதும் அவர்தான். கருவிகளை வேகவைக்கிற சின்ன அறையில் நின்றபடி, மேடம் டாக்டரிடம் சொன்னதை ஷீலா கேட்டாள்.

"ஷீலா நல்லாப் பேசுவாங்க, இல்லேங்கல. ஆனா பல் கிளினிக் ஃப்ரண்ட் டெஸ்க்ல பல்லு இல்லாதவங்க உட்கார்ந்தா, நம்மள நம்பி யாருங்க வாயத் திறப்பாங்க?"

மேடம் பொல்லாதவர் இல்லை. நினைத்ததைச் சொன்னார். அதில் தப்பும் இல்லை என்றுதான் ஷீலாவுக்கே பட்டது. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்த அறையை விட்டு வெளியே வர அவளால் முடியவில்லை.

ஷீலாவுக்கு மேல் தாடையில், இடப்பக்கம், கோரைப் பல்லுக்கு அப்புறம் ஒன்றும் கிடையாது. சிரித்தால் அங்கே இருட்டுதான். முப்பதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஈறு கெட்டு ஒவ்வொன்றாகப் போனவை. அவற்றில் மூன்றைப் பிடுங்கியவர் டாக்டர் தினகரன்தான். கழற்றி மாட்டுகிற செட் ஒன்று கட்டித் தந்தார். மாட்டினாலே குமட்டியது, கிண்ணத்தில் போட்டு வைத்தாள், அப்படியே மறந்தாள். அப்புறம் கொரோனா வந்தது, மாஸ்க் வந்தது, ஊரே மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை. "ஸ்டாஃபுக்கு ஃப்ரீதான் ஷீலாம்மா, எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, இம்ப்ளான்ட்டே வெச்சுடலாம்" என்று டாக்டர் வருடத்துக்கு ஒரு முறை சொல்வார். மனசாரத்தான் சொல்வார். அந்த எப்ப மட்டும் வரவில்லை. நாற்காலியில் எப்போதும் யாராவது படுத்திருந்தார்கள். ஷீலா படுத்துவிட்டால் இடப்பக்கம் யார் நிற்பது?

மேடம் சொன்னதற்கு அப்புறம்தான் டாக்டர் அவளை உட்கார வைத்து ஸ்கேன் எடுத்தார். படத்தைப் பார்த்ததும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மாதிரிப் படத்தைக் காட்டி நானூறு பேருக்காவது அவளே பாடம் சொல்லியிருக்கிறாள்.

"கன்னத்து எலும்புக்குள்ள, மூக்குக்குப் பக்கத்துல, காத்து ரூம் ஒண்ணு இருக்கு சார். சைனஸ்னு சொல்வாங்க. மேல்பல்லு போயிட்டா, நாளாக நாளாக அந்த ரூம் கீழ எறங்கிடும். கீழ இருக்கிற எலும்பு தேஞ்சு அப்பளமாட்டம் ஆயிடும். அதுல போய் ஸ்க்ரூ வெச்சா எங்க நிக்கும்? அதனால பக்கவாட்டுல சின்ன ஜன்னல் வெட்டி, சைனஸுக்குள்ள ஒட்டியிருக்கிற தோலை மெதுவா மேல தூக்கிட்டு, அந்த இடைவெளில எலும்புப் பொடி அடைப்பாங்க. ஆறு மாசத்துல அது கெட்டி எலும்பாயிடும். அப்புறம் ஸ்க்ரூ, அப்புறம் பல்லு."

சைனஸின் அந்தத் தோல், முட்டை ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்குமே, அந்தத் தோலை விடக் கொஞ்சம்தான் கெட்டி. டாக்டர் இந்த ஆபரேஷனைப் பழகிய காலத்தில் பச்சை முட்டைகளில்தான் பழகினார். ஓட்டைக் குடைந்து தோலைக் கிழிக்காமல் விலக்க வேண்டும். அட்டை அட்டையாக முட்டை வாங்கி வந்தவள் ஷீலா. கிழிந்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோனதில் ஒரு மாதம் இரண்டு வேளையும் ஆம்லெட். அந்தோணிசாமி கடைசியில், "உங்க டாக்டரு எப்பதான் பாஸ் பண்ணுவாரு?" என்று கேட்டுவிட்டான்.

"ரெண்டு மில்லிமீட்டர்தான் எலும்பு இருக்கு, ஷீலாம்மா," என்றார் டாக்டர். "சைனஸ் தூக்கணும்."

"எனக்கேவா சார்?" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

கணக்கு சரியாக வந்தது. ஜனவரியில் எலும்புப் பொடி. ஜூலையில் ஸ்க்ரூ. நவம்பரில் பல். தையில் நாற்காலி. இடையில் ஒன்று தவறினாலும் அடுத்த தை கைக்கு வராது. மேடம் அதற்குள் வேறொரு பெண்ணைப் பார்த்துவிடுவார். அதையும் அவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

ஜனவரி எட்டாம் தேதி ஷீலா அந்த நாற்காலியில் படுத்தாள். இடப்பக்கம் சந்திரிகா நின்றாள். இரண்டு வருடமாக வேலை பழகுகிற பெண். இத்தனை வருடம் இருந்த அறையின் கூரையை ஷீலா அன்றுதான் பார்த்தாள். மூலையில் ஈரம் பட்டுச் சுண்ணாம்பு உரிந்திருந்தது. படுத்துக்கொண்டு பேஷண்டுகள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று நினைத்தாள். மரப்பு ஊசி போட்டதும் வலி தெரியவில்லை. எலும்பை அரைக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. ஆனால் காலுக்குப் பாரம் இல்லை, இடுப்புக்குப் பாரம் இல்லை. முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்று சொன்னபோது அவளுக்கு எழுந்திருக்கவே மனசில்லை.

அப்புறம் என்னென்ன கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள்தானே எல்லாருக்கும் சொல்கிறவள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. இளநீர் என்றாலும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, காறித் துப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், தும்மல் வந்தால் அடக்கக் கூடாது. வாயை மூடி அடக்கினால் அந்தக் காற்று முழுக்கப் போய்ப் புதுத் தோலில்தான் மோதும். தோல் கிழியும், பொடி சிதறும், எல்லாம் வீண். வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். ஷீலா ஐந்து நாள் வீட்டில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து கிடந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு ஐந்து நாள் அவளுக்கு வாய்த்ததில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் டாக்டர் போன் செய்தார்.

விஷயம் இதுதான். செம்பாக்கத்துப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர் பொன்னுரங்கம். ஏரிக்கரை வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, இப்போது வாடகை வாங்குகிறார். அறுபத்தெட்டு வயது. அவருக்கும் அதே ஆபரேஷன். பிப்ரவரி நாலாம் தேதி அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு விமானம். "மார்கழில எவனாச்சும் வாயக் கீறிப்பானா டாக்டரே? தை பொறக்கட்டும், வந்து படுத்துக்கறேன்," என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். விமானம் ஏறினால் காற்றழுத்தம் மாறும், அதற்கு முன் மூன்று வாரமாவது ஆற வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, "அப்போ போகி அன்னிக்கே வெச்சிக்க. பழசக் கொளுத்துற நாள்தானே," என்று இறங்கி வந்தார். சந்திரிகாவுக்கு இது தலைப் பொங்கல். புருஷனோடு வந்தவாசிக்குப் போய்விட்டாள். மேடத்துக்கு ரத்தம் ஆகாது.

"நீங்க ரெஸ்ட்ல இருக்கணும், எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர். "ஒன்றரை மணி நேரம்தான், ஷீலாம்மா. ஒண்ணும் தூக்க வேணாம், குனிய வேணாம். நீங்க சும்மா நின்னா போதும்."

சும்மா நின்றால் போதும். ஷீலா போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே நினைத்தாள்.

"இன்னா, போறியா?" என்றான் அந்தோணிசாமி. "வாய்ல தையல் கீது. ஊரெல்லாம் பொகையாக் கெடக்கும் நாளிக்கு. முடியாதுன்னு சொல்ல வேண்டிதானே?"

"வேற ஆளு இல்லியாம்."

"இருவத்தி மூணு வருஷமா வேற ஆளு இல்ல அவருக்கு."

அவன் சொன்னது சரிதான். ஆனால் முடியாது என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். ஷீலாவிடம் அது இல்லை. மறுநாள் காலையில் டிபன் டப்பாவில் ஆறிய கஞ்சியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

விடியற்காலையில் கொளுத்திய பாயும் டயரும் எட்டு மணிக்கும் தெருமுனைகளில் புகைந்துகொண்டிருந்தன. ஏரிப் பக்கம் எதிரே வருகிற வண்டி தெரியவில்லை. மாஸ்க்குக்கு மேல் துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டாள். கிளினிக்குள் வந்தும் அந்த நாற்றம் போகவில்லை, ஏ.சி. வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு மூக்கு காலையிலிருந்தே அரித்தது. இரண்டு முறை பின்பக்கம் போய், வாயை ஆவென்று திறந்து தும்மிவிட்டு வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பாடத்தைச் சரியாகச் செய்கிற பிள்ளை மாதிரி அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பொன்னுரங்கம் வந்து படுத்தார். "இன்னாம்மா, வலிக்குமா?" என்றார்.

"ஊசி மட்டும் எறும்பு கடிச்சாப்ல இருக்கும் சார். மத்ததெல்லாம் சத்தம்தான்."

"எறும்புல கட்டெறும்பும் கீது," என்றவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஈறைக் கீறி விலக்கினார் டாக்டர். எலும்பில் ஜன்னல் வெட்டினார். உள்ளே அந்தத் தோல் தெரிந்தது. சாம்பல் நீலத்தில், பொன்னுரங்கம் மூச்சு விட விட மேலும் கீழுமாக அசைந்தது. அதை மழுங்கிய கரண்டியால் ஓரம் ஓரமாக விலக்கி மேலே ஏற்றினார். கிழவருடைய தோல் மிக மெல்லிசு. டாக்டரின் நெற்றி வியர்த்தது. தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஷீலாவின் குழாய் நின்றது. அது இம்மி நகர்ந்தாலும் தோலை உள்ளே இழுத்துக் கிழித்துவிடும். இன்னொரு கையில் கன்னம். டாக்டர் முதல் கரண்டிப் பொடியை உள்ளே வைத்தார். இரண்டாவதை எடுத்தார்.

அப்போதுதான் வந்தது.

மூக்கின் வேரில் ஒரு குறுகுறுப்பு. பின்னால் போக முடியாது, இரண்டு கையும் கிழவரின் வாயில். எங்கே இருக்கிறோம், தன் கன்னத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன செய்யக் கூடாது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது மூளைக்கு. உடம்புக்கு வேறு ஒன்று தெரிந்திருந்தது. திறந்த எலும்புக்கு மேல் நின்றுகொண்டு தும்மக் கூடாது என்பது அவள் இந்த வேலையில் கற்ற முதல் பாடம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு தும்மலுக்கு டாக்டர் போட்ட சத்தத்தில் கற்றது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, உதட்டை இறுக்கி, மூச்சைத் தொண்டையில் பூட்டினால் தும்மல் உள்ளேயே செத்துப்போகும், தோள்கூட ஆடாது. அப்படி ஆயிரம் தும்மலைக் கொன்றிருக்கிறாள். ஆயிரத்து ஒன்றாவதையும் கொன்றாள்.

குழாய் அசையவில்லை.

அவள் கன்னத்துக்குள் ஏதோ டப்பென்று விட்டது. மூக்கின் இடது துவாரத்தில் சூடாக இறங்கி, மாஸ்க்குக்குள் உதட்டில் உப்புக் கரித்தது. தொண்டையில் மணல் மணலாக ஏதோ பட்டது. எலும்புப் பொடி. அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜூலை போயிற்று, நவம்பர் போயிற்று, தை போயிற்று.

அதற்கப்புறம் நாற்பது நிமிடம் நின்றாள். பொடி அடைத்து, மேலே சவ்வு போர்த்தி, ஏழு தையல். ஒவ்வொரு தையலுக்கும் நூலை அவள்தான் வெட்டினாள். ரத்தத்தையும் மணலையும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். நடுவில் டாக்டர் நிமிராமலே, "பொகை ஜாஸ்தியா இருக்கு இல்ல?" என்றார். தலையை ஆட்டினாள். பொன்னுரங்கம் எழுந்து கண்ணாடியில் தன் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவளைப் பார்க்கவில்லை. குறை சொல்வதற்கில்லை, இடப்பக்கம் நிற்கிறவர்களை யாரும் பார்ப்பதில்லை.

கதவு சாத்தியதும் மாஸ்க்கைக் கழற்றினாள். டாக்டர் திரும்பிப் பார்த்தவர் ஸ்டூலோடு பின்னால் உருண்டு சுவரில் இடித்துக்கொண்டார்.

"என்ன ஷீலாம்மா இது?"

"அடக்கிட்டேன் சார்."

ஸ்கேனில் பொடி சைனஸ் முழுக்கத் தூவிக் கிடந்தது. விட்டால் சீழ் பிடிக்கும், உடனே திறந்து கழுவ வேண்டும். உதவிக்கு ஆள் இல்லை. ஷீலா நாற்காலியில் படுத்தாள். டாக்டர் மரப்பு ஊசி போட்டார், தையலைப் பிரித்தார். சக்‌ஷன் குழாயைத் தன் வாய்க்குள் அவளே பிடித்துக்கொண்டாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன? ஆறு நாள் இருந்த எலும்பு குழாய்க்குள் சலசலவென்று போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிடித்தாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. வலியால் இல்லை. இதற்கும் நான்தானா பிடிக்க வேண்டும் என்றுதான் வந்தது.

எல்லாம் முடிந்து டாக்டர் கையுறையைக் கழற்றினார். வெகுநேரம் கை கழுவினார்.

"நாலு மாசம் ஆறட்டும். அப்புறம் திரும்பப் பண்ணலாம்," என்றார். பிறகு திரும்பி நின்று, "நீங்க பண்ணது பெரிய தியாகம், ஷீலாம்மா. அந்த எடத்துல நீங்க தும்மியிருந்தா அவருக்கு எல்லாம் கிழிஞ்சிருக்கும். அவருக்காக உங்களோடத விட்டுட்டீங்க. எந்த ஸ்டாஃப் செய்வாங்க இத?" என்றார்.

ஷீலாவுக்குக் கோபம் வந்தது. அவர் நல்ல மனிதர், மனம் உருகித்தான் சொல்கிறார். அதனாலேயே கோபம் அதிகமாக வந்தது. தியாகமும் இல்லை மண்ணும் இல்லை. தியாகம் என்றால் யோசித்துச் செய்ய வேண்டும். அவளை யோசிக்க யார் விட்டார்கள்? கேட்டிருந்தால் கிழவரின் தோல் கிழியட்டும் என்றுகூடச் சொல்லியிருப்பாளோ என்னவோ. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்கிற வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

"தியாகம் இல்ல சார்," என்றாள். உதடு மரத்துக் கிடந்ததால் சொற்கள் வழுக்கின. "பழக்கம். மாடு செக்குச் சுத்தற மாதிரி. செக்காட்டறவன் தூங்கினாலும் மாடு சுத்தும்ல, அது மாதிரி."

டாக்டர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

"திரும்பப் பண்ண வேணாம் சார். எனக்குப் பல்லே வேணாம். நான் பல்லுக்காகவா படுத்தேன்? உட்காரணும்னு படுத்தேன் சார். கால் போச்சு. நின்னு நின்னு என்னால முடியல."

"மேடத்துகிட்ட நான் பேசறேன், ஷீலாம்மா. கொஞ்சம் டைம் குடுங்க."

"பேசுங்க சார், வேணாங்கல. பொங்கல் முடிஞ்சு திங்கக்கெழம வரேன். வந்தா முன்னாடி மேஜையில உட்கார்றேன். அது முடியாதுன்னா சொல்லிடுங்க, வீட்ல உட்கார்றேன். ரெண்டுல ஒண்ணு, உட்கார்றது மட்டும் நிச்சயம்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அந்த அறையில் தனக்காக அவள் குரல் அவ்வளவு நீளமாக ஒலித்தது அதுதான் முதல் தடவை. கஞ்சி டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். டாக்டர் கூப்பிடுவார் என்று படியில் ஒரு நொடி நின்றாள். கூப்பிடவில்லை.

பொங்கல் மூன்று நாளும் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிக் கிடந்தாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். "போனா போவுது, பட்டினியா கெடப்போம்?" என்றான் அந்தோணிசாமி. அப்படிச் சொல்லிவிட்டு ஓவர்டைம் கேட்டு கேப் சூப்பர்வைசருக்குப் போன் போட்டதையும் அவள் கேட்டாள்.

வீட்டுக்குள் டாக்டரும் மேடமும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திங்கட்கிழமை அவள் போனபோது மேடம் முன் மேஜையிலிருந்து எழுந்து பக்கத்து அறைக்குப் பொருள்களை மாற்றிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "சிறுசேரிக்கு யாருங்கறத அப்புறம் பார்ப்போம். இப்போதைக்கு இங்க உட்காருங்க," என்றார். போகிற போக்கில், "மாஸ்க் மட்டும் போட்டுக்குங்க ஷீலா," என்றார்.

போட்டுத்தான் பார்த்தாள். இடது மூக்கு அடைத்துக் கிடந்தது. மாஸ்க்குக்குள் மூச்சு முட்டியது. செவ்வாய்க்கிழமை கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டாள். மேடம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை பொன்னுரங்கம் தையல் பிரிக்க வந்தார். வீக்கம் வடிந்து ஆள் தெளிவாக இருந்தார். ஸ்கேன் எடுத்தார்கள், பொடி இம்மி நகராமல் வைத்த இடத்தில் இருந்தது. வெளியே வந்து சீட்டை நீட்டியவர் அவள் வாயையே பார்த்தார்.

"இன்னாம்மா இது, பல்லு ஆஸ்பத்திரில உக்காந்துகினு உனுக்கே பல்லு இல்ல? உங்க டாக்டரு கை ராசிக்காரராச்சே. என்னியப் பாரு, கல்லாட்டம் நிக்குதாம். நீயும் சொல்லிக் கட்டிக்க வேண்டிதானே?"

உள்ளறைக் கதவருகில் டாக்டர் நின்றிருந்தார். அடுத்த பேஷண்டைக் கூப்பிட வந்தவர், கூப்பிடாமல் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது, கிழவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளோ என்று பயப்படுகிறார் என்பது ஷீலாவுக்குத் தெரிந்தது. சொல்லலாம்தான். சொன்னால் கிழவர் ஐயோ என்பார், கும்பிடுவார், இன்னொரு முறை தியாகம் என்ற சொல்லைக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இல்லை.

அவர் சீட்டில் அடுத்த தேதியை எழுதி நீட்டினாள். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

"வரும்போது வரட்டும் சார்," என்றாள், இருட்டு தெரியச் சிரித்தபடி. "நான் உட்கார்ந்துதானே இருக்கேன்."